குறையில்லாத அறை

சிங்கப்பூர், மார்க்கெட் தெரு
1908 மார்ச் 3

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் காவலில் நாகூரில் இருக்கும் என் மனைவி சம்சுன்னிசாவுக்கு, அப்துல் முத்தலிப் எழுதுவது. உனக்கும் நம் மகள் அஸ்மத்துக்கும் மாமிக்கும் உன் தம்பி ரவூபுக்கும் என் சலாம். என் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லை. மனசுக்கு என்ன குறை என்று உனக்கே தெரியும். அதை எழுதிக் காகிதத்தை வீணாக்குவானேன்.

நம் தமிழை அரபு எழுத்தில், அரபுத் தமிழிலேயே எழுதுகிறேன். நீ சிறுவயதில் ஓதப்போய்ப் படித்த எழுத்து. ரவூபை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லாமல் நீயே படித்துக்கொள். அவன் வாசித்தால் நடுநடுவே இருமுவான், எனக்கு அது பிடிக்காது.

உன் கடிதமும் அதற்குள் சுருட்டி வைத்த நூலும் சனிக்கிழமை கிடைத்தன. அஸ்மத்தின் உயரத்துக்கு அளந்து அனுப்பியிருக்கிறாய், சட்டை தைப்பதற்கு. தையற்காரனிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்த நூலை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனேன். கேட்டால் சிரிப்பாய்.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். காதர் மைதீன் ராவுத்தர் கடையிலிருந்து கப்பல்களுக்கு ஆடு, கோழி, வெங்காயம் ஏற்றிவிடுவது. வாரத்தில் மூன்று நாள் ஏதாவது ஒரு கப்பலில் ஏறி இறங்குகிறேன். இங்கே நான் கால் வைத்த பலகை எட்டுப் பத்து நாளில் நாகப்பட்டினத்துக்கு எதிரே நிற்கும். நான் ஏற்றிவிட்ட ஆடுகூட, உயிரோடு இருந்தால், நம் ஊர்க் கரையைப் பார்க்கும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் கப்பலில் ஏறும்போதெல்லாம் ஒரு வேலை வைத்துக்கொண்டிருக்கிறேன். சாமானை இறக்கியதும் இரண்டாம் வகுப்பு அறைகளைப் போய்ப் பார்ப்பது. நீயும் பிள்ளையும் எந்த அறையில் வரலாம், எதில் வரக்கூடாது என்று.

நாகப்பட்டினத்துக்கு இப்போது ஒழுங்காகப் போய்வருவது இரண்டு கப்பல். இங்கிலீஷ் பெயர்கள் இருக்கின்றன. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வைத்த பெயர்தான் எங்கள் வாயில் வரும். ஒன்று கிழவி, மற்றது வெள்ளைக்காரி. முதலாவதுக்கு வயதாகிவிட்டது, இரண்டாவதுக்கு வெள்ளைச் சாயம் அடித்திருக்கிறார்கள்.

கிழவியின் அறைகள் கீழே, இயந்திரத்துக்குப் பக்கத்தில். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டில். கீழ்க்கட்டிலில் உன் நூலை நீட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் நான்கு விரல் வந்தது. என் மகள் பாதிக் கட்டிலைத் தாண்டி வளர்ந்துவிட்டாள் என்று அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டேன். கப்பல் பணியாள் ஒருவன் எதைத் தொலைத்தாய் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லி நூலைச் சுருட்டிக்கொண்டேன்.

கிழவியில் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. அங்கே சமையல் பண்டாரி முகம்மது யூசுப், பரங்கிப்பேட்டைக்காரர். பிஸ்மி சொல்லி அறுத்த ஆட்டைத்தான் அடுப்பில் ஏற்றுவார். சோறும் மீன் ஆணமும் அறை வாசலுக்கே கொண்டுவந்து வைப்பதாகச் சொல்கிறார். தாழ்ப்பாளும் கெட்டி. ஆனால் எண்ணெய் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. சன்னல் என்று ஒரு வட்டக் கண்ணாடி, ஒரு சாண் அகலம், அதையும் திருகாணி போட்டு மூடியிருக்கிறார்கள். கப்பலிலிருந்து மீன் தெரியுமா என்று அஸ்மத் கேட்டதாக எழுதியிருந்தாயே. இந்த அறையில் வந்தால் மீன் அல்ல, கடலே தெரியாது.

வெள்ளைக்காரியோ தலைகீழ். அறைகள் மேலே. பெரிய சன்னல், மின்சார விசிறி, தண்ணீர்க் குடுவை கவிழாமல் இருக்கக் குழி வைத்த பலகை. வாரத்தில் இரண்டு நாள் நல்ல தண்ணீரில் குளிக்கலாம். வாசிக்கப் புத்தக அலமாரி உண்டு, பியானோ என்று ஒரு வாத்தியமும் உண்டு. சாப்பாட்டுக்கு மணி அடிப்பார்கள். அடித்ததும் ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் நீள மேசையில் உட்கார்ந்து கத்தியும் முள்ளும் வைத்துச் சாப்பிட வேண்டும். நீ முள்ளால் இடியாப்பத்தைக் குத்துவதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். அங்கே சமைக்கிறவன் பன்றிக்கும் ஆட்டுக்கும் ஒரே கரண்டி போடுகிறான், என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெரிய சன்னலுக்கு வெளியேதான் துரைமார்கள் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உலாத்துகிறார்கள். திறந்தால் கோஷா போகும், மூடினால் காற்று போகும்.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர் பெண்டாட்டிக்குக் கப்பலில் அறை தேடிப் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகலாமே என்று மாமி கேட்டதாக எழுதியிருக்கிறாய். நியாயம்தான். நான் கப்பல் ஏறும்போது அஸ்மத் உன் வயிற்றில் நான்கு மாதம். ஆனால் இங்கே அப்படிப் போய்வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை முதல் மாதம் பயந்து ஒளிகிறது, இரண்டாம் மாதம் மடியில் ஏறுகிறது, மூன்றாம் மாதம் இவர்கள் பெட்டியைக் கட்டுகிறார்கள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை சம்சு. வருவதானால் நீங்கள் வாருங்கள், வந்தால் பிரிவே வேண்டாம். துணைக்கு ரவூப் வரட்டும். நல்ல அறையாக அமையட்டும், கொஞ்சம் பொறு.

சட்டை தனியாக வருகிறது. இரண்டு விரல் நீளம் கூட்டித் தைக்கச் சொன்னேன். தபால் வந்து சேர்வதற்குள் வளர்ந்துவிடுவாளே. உங்கள் இருவரையும் ரப்பிடம் ஒப்படைத்து இதை மூடுகிறேன்.

உன் மாப்பிள்ளை
அப்துல் முத்தலிப்


சிங்கப்பூர், மார்க்கெட் தெரு
1909 பிப்ரவரி 9

என் வீட்டு வெளிச்சமான சம்சுன்னிசாவுக்கு, சலாம்.

உன் கடிதம் கிடைத்தது. ஒரு தடவை படித்துக் கோபப்பட்டேன். இரண்டாம் தடவை படித்து இன்னும் கோபப்பட்டேன். அதனால் பதில் எழுத ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன். கோபம் இப்போதும் முழுதாகப் போகவில்லை, அதையும் சேர்த்தே படி.

உங்கள் தெருவிலிருந்து போன வருஷம் இங்கே வந்த கதீஜா, கப்பலின் திறந்த மேல்தட்டில் பாய் விரித்து வந்ததை ஊருக்கு எழுதிவிட்டாளாம். அதைப் பார்த்து அவள் தங்கை குடும்பமும் இன்னும் மூன்று வீட்டாரும் வருகிற மாதம் மேல்தட்டிலேயே கிளம்புகிறார்களாம். நீயும் பிள்ளையும் ரவூபும் அவர்களோடு சேர்ந்து வருகிறீர்களாம். அறை வேண்டாம், நீங்கள் இருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய்.

நேரே கம்போங் கபூருக்குப் போய்க் கதீஜாவின் புருஷன் ஒலி முகம்மதுவிடம் சண்டை பிடித்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு உள்ளே கையைக் காட்டினார். திரைக்குப் பின்னாலிருந்து, அண்ணன் முறை வைத்து, கதீஜாதான் பேசினாள். "எட்டு நாளுதான காக்கா. நாலு பொம்பளைங்க சேர்ந்து நாலு சீலையக் கட்டினா அதுவும் ஒரு ரூமுதான். புள்ளைங்க பாட்டுக்கு ஓடி வெளையாடுச்சு. நான் ஒண்ணும் தேஞ்சு போயிடல" என்றாள். கோபத்தில் தேத்தண்ணீர் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அவள் எழுதாததை நான் எழுதுகிறேன். மேல்தட்டில் ஆளுக்கு இவ்வளவு இடம் என்று சாக்குக்கட்டியால் கோடு போடுவார்கள். ரப்பர் தோட்டத்துக்குப் போகிற கூலிகள் ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம். விடிந்ததும் குழாயில் கடல்தண்ணீரை அடித்துத் தட்டைக் கழுவுவார்கள், பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் ஓரமாய் நிற்க வேண்டும். மழை வந்தால் தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய். இங்கே வந்ததும் அறைக்காரர்கள் நேரே கரை இறங்குவார்கள். மேல்தட்டுக்காரர்களை நோய் பார்க்கும் தீவில் இறக்கி, வரிசையில் நிறுத்தி, துணிகளை அவித்து, மருந்து கலந்த தண்ணீரில் குளிக்கச் சொல்வார்கள். உன் துப்பட்டியைக் கழற்றி எவள் கையிலோ கொடுக்க வேண்டும். நான் உயிரோடு இருக்க அது நடக்காது.

உன் வாப்பா உயிரோடு இருந்தபோது உங்கள் வீட்டுப் பெண்கள் அடுத்த தெருவுக்கே மூடு வண்டியில்தான் போவார்கள். அந்த வீட்டில் பெண் எடுத்தவன் நான். ஜும்ஆ முடிந்து படியிறங்கும்போது, வீட்டாரை எப்போது அழைக்கிறீர் என்று கேட்கிறவர்களிடம் அறையில்தான் வருவார்கள் என்று ஐந்தாறு வருஷமாகச் சொல்லிவருகிறேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மேல்தட்டில் கொண்டுவந்து இறக்கினான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அது உன்னையும்தான் தொடும்.

புதிய கப்பல் ஒன்று இந்தத் தடத்துக்கு வரப்போவதாகக் கேள்வி. அதைப் பார்த்துவிடுகிறேன். பத்து மாதம் பொறுக்கமாட்டாயா? ஐந்து வருஷத்துக்கு மேல் பொறுத்தவள்தானே.

வாப்பாவுக்கு மீசை இருக்கா என்று அஸ்மத் கேட்டதைக் கடைசி வரியில் எழுதியிருந்தாய். மீசை இல்லை, தாடி உண்டு, அதில் இரண்டு நரை என்று சொல். பெற்ற பிள்ளைக்கு என் முகத்தைக் காகிதத்தில் எழுதி அனுப்புகிறேன். இதை எழுதும்போது கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனாலும் சொன்ன பேச்சை மாற்றமாட்டேன். கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள். துஆவில் என்னை விட்டுவிடாதே.

அப்துல் முத்தலிப்


சிங்கப்பூர், மார்க்கெட் தெரு
1909 டிசம்பர் 12

சம்சு, கிடைத்துவிட்டது!

சலாம் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். உனக்கும் அஸ்மத்துக்கும் மாமிக்கும் ரவூபுக்கும் ஆயிரம் சலாம்.

புதிய கப்பல் வந்துவிட்டது. இன்று காலை முதல் தடவையாக அதில் ஆடு ஏற்றினேன். இரண்டாம் வகுப்பில் ஏழாம் எண் அறை, மூலையில் இருக்கிறது. சன்னல் நேரே கடலைப் பார்த்தது. வெளியே மனிதர் நடக்கப் பலகையே கிடையாது, மீனும் பறவையும்தான் எட்டிப்பார்க்க முடியும். சன்னலைத் திருகித் திறக்கலாம். அறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய், தொழுகைக்கு ஒளு செய்ய வெளியே போக வேண்டாம். நம்மவர்களுக்கென்று தனி அடுப்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு யார் பண்டாரி தெரியுமா? கிழவியிலிருந்த அதே முகம்மது யூசுப். மூன்று வேளையும் வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். மேசையில்லை, முள்ளுமில்லை. நீ கையாலேயே சாப்பிடலாம். குறை கண்டுபிடிக்க நானே அரைமணி நேரம் முயன்றேன். முடியவில்லை.

ஒன்றே ஒன்று. கீழ்க்கட்டிலுக்கு ஓரம் இல்லை. கப்பல் ஆடினால் பிள்ளை உருண்டு விழுவாள். கப்பல் தச்சனைப் பிடித்து ஒரு பக்கப்பலகை வைக்கச் சொல்லி, நானே நின்று அளவு கொடுத்தேன். அடுத்த நடைக்குள் வைத்துவிடுவான். பக்கத்தில் எட்டாம் எண் ரவூபுக்கு. ஜனவரி இருபதாம் தேதி நாகப்பட்டினத்தில் ஏற வேண்டும். அதற்குள் மழைக்காலமும் அடங்கிவிடும்.

கரையிலிருந்து தோணியில் வந்து ஏணியில் ஏறுவதுதான் உனக்குப் பயமாக இருக்கும். ஏற வேண்டாம். கயிற்றில் நாற்காலி இறக்கச் சொல்லியிருக்கிறேன். நீ பிள்ளையை மடியில் வைத்து உட்கார், யூசுப் பெரிய படுதாவைச் சுற்றிக் கட்டிவிடுவார். மூடு வண்டி ஆகாயத்தில் போகிறது என்று நினைத்துக்கொள்.

ஜாலான் புசார் பக்கம் வீடு பார்த்துவிட்டேன். இரண்டு அறை, பின்னால் மதில் வைத்த முற்றம். கிணறு பொதுவானது, ஆனால் பெண்களுக்குத் தனி நேரம் உண்டு. அம்மியை அங்கிருந்து தூக்கி வராதே, இங்கே கிடைக்கும். நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் கொண்டுவா. அஸ்மத்துக்குக் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள், கடல் காற்று ஆகாது.

இன்ஷா அல்லாஹ் இன்னும் ஆறே வாரம். காதர் மைதீன் ராவுத்தர்கூட இன்று என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, ஆட்டுக்கு முன்னால நீ துள்ளுற" என்றார். துள்ளத்தான் செய்கிறேன். வந்து சேருங்கள், என் கண்ணே.

அறை கிடைத்த
அப்துல் முத்தலிப்


சிங்கப்பூர், ஜாலான் புசார்
1910 பிப்ரவரி 6

சம்சுன்னிசாவுக்கு, அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும்.

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிக்காமல் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

ரவூபின் கடிதம் டிசம்பர் பதினெட்டாம் தேதி வந்தது. மழைத்தண்ணீர் தெருவில் நின்றதையும், அதோடு வாந்திபேதி வந்ததையும், இரண்டே நாளில் டிசம்பர் ஐந்தாம் தேதி அஸ்மத் மவுத்தாகிவிட்டதையும் எழுதியிருந்தான். தந்தி அடித்தால் மட்டும் நீங்கள் ஓடி வந்துவிடப் போகிறீர்களா என்றுதான் தபாலில் எழுதினேன் என்றும் ஒரு வரி. அது சரியான பேச்சு. பிள்ளை கடைசியில் என்ன கேட்டாள் என்று அவன் எழுதவில்லை. கேட்டு எழுத எனக்கும் தைரியம் வரவில்லை.

ஏழாம் எண் அறையில் நின்று பலகைக்கு நான் அளவு கொடுத்த நாளில், அவளை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகியிருக்கிறது. என்னுடைய அந்தத் துள்ளல் கடிதம் உன் கைக்கு எந்த நாளில் வந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறேன். பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ. நீ அதை முழுக்கப் படித்தாயா? கம்பளிச் சட்டையைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தாயா? அந்த ஒரு கடிதத்தைக் கடலிலிருந்து திரும்ப எடுக்க முடிந்தால் என் வலது கையைக் கொடுத்துவிடுவேன்.

நாற்பதாம் நாள் பள்ளிவாசலில் யாசீன் ஓதினோம். கடையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். ஒலி முகம்மது என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கையைப் பிடித்திருந்தார். மறுநாள் கதீஜா சோறு கொடுத்தனுப்பினாள். வேறொன்றும் சொல்லியனுப்பவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன மார்ச்சில் மேல்தட்டில் வந்தார்களே, அந்தத் தங்கையின் மகள் சாயிரா பானு, நம் பிள்ளை வயதுதான். முன்பல் இரண்டும் விழுந்து, கடலைப் பொட்டலத்தோடு தெருவில் நிற்கிறாள். தீவில் மருந்துத் தண்ணீரில் குளித்தவள்தான். கோடு போட்ட இடத்தில் படுத்து வந்தவள்தான். அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி புதிய கப்பல் இங்கே வந்தது. ஆடு ஏற்ற வேறு ஆளை அனுப்புகிறேன் என்று ராவுத்தர் சொன்னார். நானேதான் போனேன். ஏழாம் அறையை இடையில் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. யூசுப் கதவைத் திறந்துவிட்டு, "உள்ள போங்க தம்பி, யாரும் வரமாட்டாங்க" என்று சொல்லி வெளியே நின்றுகொண்டார். தச்சன் பக்கப்பலகையை வைத்திருந்தான், ஓரத்தை இழைத்து மழமழவென்று. நான் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்துதான் இதை உனக்குச் சொல்லவேண்டும் என்று முடிவு செய்தேன். நீ என்னை வெறுத்தாலும் சரி, தெரியாமல் வெறுக்க வேண்டாம்.

கிழவியின் அறையில் அந்த வட்டக் கண்ணாடியின் திருகாணியைக் கழற்றித் தருகிறேன் என்று யூசுப் அன்றைக்கே சொன்னார். அதை நான் உனக்கு எழுதவில்லை. வெள்ளைக்காரியில் சன்னலுக்குத் திரை போட்டுக்கொள்ளலாம், கோஷாப் பெண்களுக்குப் பாலும் ரொட்டியும் பழமும் அறைக்கே வரும், அரிசியைத் தனியாகக் கொடுத்தால் வடித்தும் தருவார்கள். விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதையும் எழுதவில்லை. இரண்டு கப்பலிலும் உங்களைக் கூட்டி வந்திருக்கலாம். குறை எந்த அறையிலும் இல்லை.

ஊர்ப்பேச்சு ஒரு காரணம், அதைத்தான் உனக்கு எழுதினேன். எழுதாத காரணம் பயம். கடைக்கு மேலே எட்டுப் பேரோடு பாய் விரித்துப் படுக்கிறவன், கப்பலிலிருந்து இறங்கும் உங்களுக்கு முன்னால் எப்படி நிற்பது? அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து உன் பின்னால் ஒளிந்துகொண்டால் என்ன செய்வது? இன்னும் கொஞ்சம் நல்லவனாக, இன்னும் கொஞ்சம் பெரியவனாக ஆனபிறகு அவள் பார்க்கட்டும் என்று இருந்தேன். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. எனக்கு அறை சாக்கு. நீ மேல்தட்டில் வருகிறேன் என்று எழுதினாய். உன் மானம் உனக்குத் தெரியாததா? நீ துணிந்தாய், நான் துணியவில்லை. அன்றைக்குச் சரி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் டிசம்பர் மாதம் அவள் இந்த வீட்டு முற்றத்தில் இருந்திருப்பாள். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், ஆயுசு அவன் கையில் என்று ஆலிம் சொல்கிறார். நம்புகிறேன். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை என் கையில்தான் இருந்தது.

நீ எனக்கு எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ரவூப் போன வாரக் கடிதத்தில் நீ சொன்னதாக ஒன்று எழுதியிருக்கிறான். "அறைதான் கெடச்சிடுச்சே, அதுல அவரே ஏறி வரச் சொல்லு" என்றாயாம். குத்துவதற்குச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஏழு வருஷத்தில் நீ என்னை வா என்று சொன்ன பேச்சு இது ஒன்றுதான். மற்ற கடிதங்களிலெல்லாம் வருகிறேன், வருகிறேன் என்றுதான் எழுதினாய்.

அதனால் வருகிறேன். அறையில் அல்ல. அடுத்த வாரம் புதன்கிழமை கிழவி கிளம்புகிறது, மேல்தட்டுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். அறை காலியாக இருக்கிறதா என்று கேட்கவேயில்லை. இந்தக் கடிதம் நாளைக்கு வெள்ளைக்காரியில் போகிறது, அதிலேயே நானும் ஏறிவிடலாம், இடம் இருக்கிறது. முன்னால் சொல்லாமல் வந்து நிற்க எனக்கு என்ன உரிமை? இந்தக் கடிதம் ஒரு வாரம் முந்தி வந்து சேரட்டும். நீ யோசிக்க அந்த ஒரு வாரம்.

ஜாலான் புசார் வீட்டை விடவில்லை, இதை அங்கேயிருந்துதான் எழுதுகிறேன். என்னோடு வா என்று கேட்கமாட்டேன். நீ சொன்னால் திரும்பி வருவேன், சொன்னால் அங்கேயே இருப்பேன். ராவுத்தரிடமும் இப்படியே சொல்லிவிட்டேன்.

நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை வந்து நிற்கிறவன்தான், கதவு உன்னுடையது. நீ திறக்காவிட்டால் நான் தட்டமாட்டேன். தெருவில் நின்று நாலு பேரைக் கூட்டமாட்டேன். தர்காவுக்குப் பக்கத்தில் எங்காவது தங்கிக்கொள்கிறேன். மாமிக்கு என் சலாம். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அதிகமாக வெட்கம், அதையும் சொல்லிவிடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதை மறுக்காதே. நான் கரை இறங்குகிற அன்று ரவூபை மட்டும் அடக்கத்தலத்துக்கு அனுப்பு. அவன் என்னோடு பேச வேண்டாம். விரலை நீட்டி எது அஸ்மத்தின் கபுறு என்று காட்டிவிட்டுப் போகட்டும். சின்னச் சின்னதாய் நிறைய இருக்குமே சம்சு, எனக்குத் தெரியாது.

அவளுடைய வாப்பா
அப்துல் முத்தலிப்